கணக்கு எழுதுகிறவரின் பக்கம்

மணவாளக்குறிச்சி என்ற பெயரை வெளியூரார் பெரும்பாலும் மணலோடு சேர்த்தே கேட்டிருப்பார்கள். இக்கரையிலிருந்து ஜெர்மனிக்குப் போன கயிற்றோடு ஒட்டிச்சென்ற மணலில் மோனசைட் என்னும் தாது கலந்திருப்பதை 1909ஆம் ஆண்டில் ஷோம்பர்க் என்ற ரசாயன நிபுணர் கண்டறிந்ததும், அதன் பயனாக இங்கே மணல் ஆலை எழுந்ததும், 1950இல் ஸ்தாபிக்கப்பட்ட இந்திய அருமணல் நிறுவனத்தின் பொறுப்பில் அது பிற்காலத்தில் வந்ததும் பலர் அறிந்த சரித்திரம். ஆனால் அதே மணலின் மேல் வள்ளங்களை ஏற்றி வைத்து, வலை உலர்த்தி, சாளையும் நெத்திலியும் ஏலம் கூறி ஜீவிக்கிற இன்னொரு மணவாளக்குறிச்சியும் உண்டு. சின்னவிளை, பெரியவிளை, வள்ளியாறு கடலைச் சேரும் கடியபட்டணம் என்று வரிசையாக அமைந்த துறைகளில் ஒன்றில், மீனவர் சங்கமொன்றின் சிறிய காரியாலயத்தில், பேரேடுகளைக் கணினிக்கு மாற்றும் வேலையில் சில காலம் ஈடுபட்டிருந்தேன். அந்த அனுபவம் எனக்குக் கற்பித்தவற்றை, அதே தொழிலில் இறங்குகிற இளைஞர்களுக்குப் பிரயோஜனப்படும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

அக்காரியாலயத்தின் கணக்கை வெகுகாலமாகக் கவனித்து வந்தவர் ஒரு முதியவர். துறையில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. துணி அட்டை போட்ட நீண்ட பேரேடுகளில் அவர் எழுதி வைத்திருந்த விஷயங்களைப் பார்த்தால், ஒரு துறையின் வாழ்க்கை முழுவதும் அங்கே அடங்கியிருந்தது என்று சொல்லலாம். எந்த வள்ளம் யாருடையது, அதன் பதிவு எண் என்ன, பொருத்தியிருக்கும் எஞ்சின் எது, அதில் தொழிலுக்குப் போகிறவர்கள் யார் யார், ஜூன் முதல் தேதியிலிருந்து ஜூலை முப்பத்தொன்று வரை மேற்குக் கடலில் அமலாகும் தடைக்காலத்திற்குரிய நிவாரணம் எவர் கைக்குச் சேர்ந்தது, மாதந்தோறும் உறுப்பினர் செலுத்தும் சேமிப்புத் தவணைகளில் யாருடையது நிலுவை என்பவை எல்லாம், ஒரே அளவான கையெழுத்தில், அடித்தல் திருத்தல் அபூர்வமாக, வருஷக் கணக்கில் எழுதப்பட்டிருந்தன. கொச்சிக்கும் மங்களூருக்கும் போய் அங்குள்ள விசைப்படகுகளில் தொழில் செய்கிறவர்களுக்கென்று ஒரு தனி நோட்டும் இருந்தது.

இந்தப் பேரேடுகளைக் கணினியில் ஏற்ற வேண்டும் என்ற எண்ணம் சௌகரியத்தை முன்னிட்டுப் பிறந்ததன்று. 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடலைக் கலக்கியபோது, தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, நீரோடி முதலிய மேற்குத் துறைகள் தாங்கொணாத இழப்புக்கு உள்ளாயின. கடலில் எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை பேர் திரும்பவில்லை என்று கேட்டபோது, அரசாங்கம் சொன்ன கணக்கும் கடற்கரைக் கத்தோலிக்கப் பங்குகளும் மீனவர் அமைப்புகளும் சொன்ன கணக்கும் பல நாள் ஒன்றோடொன்று ஒவ்வாமலே நின்றன. பெயர்கள் எல்லாம் எங்கோ எழுதப்பட்டிருந்தன. ஆனால் பல நோட்டுகளில், பல வீடுகளில், பல துறைகளில் சிதறிக் கிடந்தன. அந்த டிசம்பரில் கரையில் நின்று மகனுடைய பெயரைப் பட்டியலில் தேடிய தாய்மார்களைப் பார்த்தவர் யாரும், கணக்கு எழுதுவதை அற்பமான காரியமென்று மறுபடியும் நினைக்கமாட்டார்கள். அப்போது திருவனந்தபுரத்தில் கணினித் தொழிலில் இருந்த நான், வாராந்தர விடுமுறைகளில் ஊருக்கு வரும்போது இந்தப் பணியைச் செய்து தருவதாகச் சங்கத்தாரிடம் ஒப்புக்கொண்டேன்.

இதற்கு நான் தேர்ந்துகொண்ட சாதனம் இணையதளங்களை அமைக்க உதவும் ஜாங்கோ என்ற பைத்தான் நிரல்மொழிக் கட்டமைப்பு. அதைத் தேர்ந்ததற்கு அதன் பூர்வீகமே முக்கியமான காரணம். அமெரிக்காவின் கான்சாஸ் மாகாணத்தில் லாரன்ஸ் என்ற ஊரில் வெளிவந்த 'லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட்' என்ற தினசரியின் காரியாலயத்தில், 2003ஆம் ஆண்டு அட்ரியன் ஹொலோவாட்டியும் சைமன் வில்லிசனும் தொடங்கிய வேலை அது. 2005 ஜூலையில் அது உலகத்தாரின் உபயோகத்திற்காக வெளியிடப்பட்டது. பத்திரிகாலயத்தில் அவகாசம் என்பது கிடையாது. காலையில் கேட்டதை மாலையில் தந்தாக வேண்டும். நிருபர்களும் உதவியாசிரியர்களும் நிரல் எழுதத் தெரியாதவர்களாயினும், தங்கள் செய்திகளைத் தாங்களே பதிந்து திருத்திக்கொள்ள ஓர் இடம் வேண்டும். இத்தேவையிலிருந்து பிறந்ததுதான் ஜாங்கோவின் அட்மின் என்னும் நிர்வாகப் பகுதி. வள்ளம் என்றால் இன்னின்ன விவரங்கள், உறுப்பினர் என்றால் இன்னின்ன விவரங்கள் என்று நாம் ஒருமுறை வரையறுத்துக் கொடுத்துவிட்டால், அவற்றைச் சேர்க்கவும் தேடவும் திருத்தவும் வேண்டிய பக்கங்களை அதுவே உண்டாக்கித் தருகிறது. வாசகர் காணும் பக்கத்தை அழகுபடுத்துவதில் எல்லோரும் முனைந்திருந்த காலத்தில், உள்ளே உட்கார்ந்து எழுதுகிறவருக்கும் ஒரு பக்கம் வேண்டுமென்று நினைத்தவர்கள் அவர்கள் என்பதால், அவர்களிடத்தில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

2018ஆம் ஆண்டுத் தடைக்காலத்தில் வேலை ஆரம்பமாயிற்று. அட்மின் தானாகத் தரும் பக்கங்களை அண்ணாச்சியின் முன்னே திறந்து வைத்தேன். மொழியைத் தமிழ் என்று குறித்திருந்தும், பொத்தான்கள் சில இடங்களில் தமிழிலும் சில இடங்களில் ஆங்கிலத்திலுமாகத் தோன்றின. ஒருமைப் பெயரோடு எஸ் என்ற எழுத்தைச் சேர்த்துப் பன்மையாக்குவது அதன் இயல்பாதலால், நான் தமிழில் கொடுத்த 'வள்ளம்' என்ற தலைப்பின் வாலிலும் அந்த ஆங்கில எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. பன்மைப் பெயரைத் தனியே எழுதிக் கொடுப்பதும், மேலே 'ஜாங்கோ நிர்வாகம்' என்றிருந்த இடத்தில் சங்கத்தின் பெயரை அமைப்பதும் சில வரிகளில் முடிகிற காரியங்கள். ஆனால் அவற்றைச் செய்து முடித்த பிறகும் அண்ணாச்சி விசைப்பலகையைத் தொடவில்லை. பக்கத்தைச் சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டு, "மக்களே, ஆளு பேரு பொறவு வரட்டும், மொதல்ல வள்ளத்துக்க நம்பரு வேணும். நான் நம்பரு வச்சுத்தான் ஆளைக் கண்டுபிடிக்கது" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில்தான் என் வேலை உண்மையாகத் தொடங்கியது.

அதன் பிறகு நான் நிரல் எழுதுவதைச் சில வாரங்கள் நிறுத்திவிட்டு, அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, அவர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உறுப்பினர் ஒருவர் வாசலில் வந்து நிற்பார். இவர் வள்ளத்தின் எண்ணைக் கேட்பார். நம் மாவட்டத்துப் பதிவு எண்கள் 'ஐஎன்டி-டிஎன்-15' என்றே தொடங்குவதால், யாரும் அம்முற்பகுதியைச் சொல்வதில்லை. கடைசி இலக்கங்களை மட்டும் சொல்வார்கள். அவற்றைக்கொண்டு இவர் பக்கத்தைப் புரட்டுவார்; பிறகு தகப்பனார் பெயரைக் கேட்பார்; அப்புறம்தான் பணம். இந்த வரிசையைக் கண்ணால் கண்ட பின்பு, அட்மின் பக்கத்தின் பத்திகளை அதே வரிசையில் மாற்றி அமைத்தேன். முதலில் எண்; அடுத்து உரிமையாளர்; அடுத்துத் தகப்பனார்; அதற்கும் அடுத்து, பங்கின் உட்பிரிவாகிய அன்பியம்; கடைசியில் நிலுவை. தேடுகிற கட்டத்தில் கடைசி இலக்கங்களைத் தட்டினாலே வள்ளம் அகப்படும்படி செய்தேன். லிஸ்ட் டிஸ்ப்ளே, சர்ச் ஃபீல்ட்ஸ் என்று அட்மினில் வழங்கும் இவ்விரண்டு அமைப்புகளும் நிரல் அளவில் இரண்டே வரிகள். அவற்றில் எதை எந்த வரிசையில் எழுதுவது என்பதற்குத்தான் அத்தனை நாள் தேவைப்பட்டது.

பெயர்களின் விஷயம் இன்னும் நுட்பமானது. நம் கடற்கரையில் அர்ச்சிஷ்டவர்களின் நாமங்களையே பிள்ளைகளுக்குச் சூட்டுவது சம்பிரதாயமாகையால், ஒரே துறையில் அந்தோணிமார் பலர், மிக்கேல்மார் பலர், சேவியர்மார் பலர் இருப்பார்கள். வள்ளத்திற்கு உரிமையாளரைத் தேர்ந்தெடுக்க அட்மின் சாதாரணமாகத் தருவது, உறுப்பினர் எல்லோருடைய பெயர்களையும் ஒரே நீளப் பட்டியலாகக் கீழே தொங்கவிடும் ஒரு கட்டம். அதில் அடுத்தடுத்து நிற்கும் அந்தோணிமாரில் எவர் எவரென்று யாரால் சொல்ல முடியும்? ஆகவே ஒவ்வோர் உறுப்பினரும் தம் பெயர், தகப்பனார் பெயர், வீட்டுப்பெயர், அன்பியம் ஆகிய நான்கும் சேர்ந்த முழு அடையாளத்தோடு தோன்றும்படி மாற்றினேன். பெயரின் சில எழுத்துகளைத் தட்டினால் பொருந்துகிறவர்களை மட்டும் எடுத்துக் காட்டுகிற வசதி, ஒக்கி கரையைத் தாக்கியதற்கு மறு நாளுக்கு மறு நாள், அதாவது 2017 டிசம்பர் 2ஆம் தேதி, வெளிவந்த ஜாங்கோ 2.0 பதிப்பில்தான் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டிருந்தது. தவறான அந்தோணியின் கணக்கில் நிவாரணம் ஏறினால் அதனால் வருந்துவது ஒரு குடும்பம் என்பதை நினைக்கும்போது, இது வெறும் அலங்காரமல்ல என்பது விளங்கும்.

பக்கத்தின் வலப்புறத்தில் வடிகட்டும் பட்டியல் ஒன்றை அட்மின் தருகிறது. எந்த அன்பியம், எந்த வகை வள்ளம், தவணை நிலுவையா இல்லையா என்று ஒவ்வொன்றாகத் தொட்டால், பெருந்தொகுதியிலிருந்து வேண்டியவர்கள் மட்டும் நிற்பார்கள். எங்களூர் ஆலையில் ஒரே குவியலான கடற்கரை மணலிலிருந்து இல்மனைட்டைக் காந்தத்தாலும் ரூட்டைலை மின்விசையாலும் தனித்தனியே பிரித்தெடுப்பதைப் போன்ற வேலை இது. எந்தக் குணத்தைக்கொண்டு பிரிப்பது என்று அறிந்தவனுக்கே பொருள் அகப்படும். அண்ணாச்சி தம் பேரேட்டில் ஒரு வள்ளத்திற்கு ஒரு பக்கம் ஒதுக்கி, மேற்பாதியில் வள்ளத்தின் விவரங்களையும் கீழ்ப்பாதியில் ஆட்களையும் எழுதுவது வழக்கம். அட்மினிலும் வள்ளத்தின் பக்கத்திலேயே ஆட்களின் அட்டவணை கீழே இணைந்து வரும்படி, இன்லைன் என்று வழங்கும் முறையில் அமைத்தேன். அவருடைய கண்பார்வையை உத்தேசித்து எழுத்துகளையும் பெரிதாக்கினேன். அந்தப் பக்கத்தைக் கண்ட தினத்தில்தான், அவர் தாமாகவே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு வள்ளத்தின் விவரத்தைப் பதிந்தார்.

கணக்கு எழுதுவதில் ஒரு தர்மம் உண்டு. தவறாக எழுதிய தொகையை அண்ணாச்சி ஒருபோதும் சுரண்டி அழிப்பதில்லை. சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்து, சரியான தொகையை மேலே எழுதி, ஓரத்தில் தேதியும் சுருக்கொப்பமும் இடுவார். பழைய தொகை கோட்டின் அடியில் யாரும் படிக்கும்படி நின்றுகொண்டிருக்கும். அட்மினோ நீக்குவதற்கு ஒரு பொத்தானைத் தயாராக வைத்திருக்கிறது. அதை அழுத்தினால், இணைப்புகளை நாம் வரையறுத்த விதத்தைப் பொறுத்து, வள்ளத்தோடு அதைச் சேர்ந்த பதிவுகளும் போய்விடக்கூடும். ஆகையால் அந்த அனுமதியை ஒருவருக்கும் இல்லாதபடி எடுத்துவிட்டேன். உடைந்துபோன வள்ளத்தை நீக்காமல், 'தொழிலில் இல்லை' என்று குறிக்கும் ஒரு கட்டம் அமைத்தேன். யார், எப்போது, எந்த விவரத்தைத் திருத்தினார் என்பதை அட்மின் தானாகவே குறித்துக்கொள்கிறது. ஆனால் திருத்தத்திற்கு முன்னே இருந்தது என்ன என்பதைக் குறிப்பதில்லை. சிவப்புக் கோட்டின் அடியில் நிற்கும் பழைய தொகையே கணக்கின் நாணயத்திற்குச் சாட்சியாதலால், பதிவு சேமிக்கப்படும் கணத்தில் பழைய மதிப்பையும் ஒரு தனி அட்டவணையில் எழுதி வைக்கும்படி சேர்த்தேன். நான் செய்த மாறுதல்களில் மிகவும் முக்கியமானது இதுவே என்பது என் அபிப்பிராயம்.

பார்ப்பதற்கு உரிமை, மாற்றுவதற்கு உரிமை என்ற பாகுபாடும் அவசியமாயிருந்தது. சங்க நிர்வாகிகள் கணக்கைப் பார்க்க வேண்டும்; ஆனால் எழுதும் பொறுப்பு எழுதுகிறவரிடமே இருக்க வேண்டும். அதுவரை அட்மினில் சேர்க்க, மாற்ற, நீக்க என்ற மூன்று உரிமைகளே இருந்தன. பார்க்க மட்டும் என்ற நான்காவது உரிமை 2018 ஆகஸ்டு முதல் தேதி வெளியான 2.1 பதிப்பில் வந்து சேர்ந்தது. அது எங்களுக்கு மிகவும் சமயத்தில் கிடைத்த உதவி.

அதே ஆகஸ்டு மாதத்தில் கேரளம் பெருவெள்ளத்தில் மூழ்கியது. கேரள அரசின் தகவல் தொழில்நுட்ப மிஷனும் ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பின் கேரளப் பிரிவைச் சேர்ந்த தொண்டர்களும் சேர்ந்து, உதவி கோருவோரையும் உதவுவோரையும் இணைக்க 'கேரளா ரெஸ்க்யூ' என்ற தளத்தை அவசர அவசரமாக எழுப்பினார்கள். அதுவும் ஜாங்கோவில் எழுந்ததே. மொட்டைமாடியில் நின்றவர்களின் வேண்டுகோள்கள் முன்பக்கத்தில் வந்து குவிந்தன. அவற்றைப் பிரித்து, சரிபார்த்து, உரியவர்களுக்கு அனுப்பியவர்கள் இரவுபகலாக உள்ளே உட்கார்ந்து உழைத்த தொண்டர்கள். ஆபத்துக் காலத்தில் ஒரு தளத்தின் பலம் அதன் முகப்பில் மட்டும் இல்லை, உள்ளே அமர்ந்திருப்பவருக்கு அது எவ்வளவு துணைநிற்கிறது என்பதிலும் இருக்கிறது என்ற எண்ணம் அப்போது என்னுள் உறுதிப்பட்டது.

அட்மினுக்கு அழகிய தோற்றம் தரும் இணைப்புகள் பல உண்டு. அவற்றில் பிரசித்தமான ஒன்றுக்குக் கிராப்பெல்லி என்று பெயர். ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் என்ற கிதார் வித்வானின் நினைவாகக் கட்டமைப்புக்குப் பெயர் வைத்தவர்களைப் பின்பற்றி, அவரோடு சேர்ந்து வாசித்த வயலின் வித்வானின் பெயரை இதற்கு இட்டார்கள். அத்தகைய இணைப்புகளைப் பரீட்சித்துப் பார்த்துவிட்டு, எளிய தோற்றமே போதுமென்று விட்டுவிட்டேன். ஏனென்றால் அண்ணாச்சி கேட்டது நிறம் அல்ல, வரிசை. அட்மினை வளைப்பதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. அது ஒரு ஸ்தாபனத்தின் உள்வேலைக்கான கருவி, முழுத் தளத்தையும் அதன்மேல் எழுப்ப வேண்டாம் என்று ஜாங்கோவின் கையேடே அறிவுறுத்துகிறது. பேரேட்டைப் போன்ற காரியங்களுக்கு அது மிகப் பொருத்தம். படிப்படியாக நடக்க வேண்டிய ஒரு காரியத்தை அதற்குள் திணித்தால், நிரலும் கெடும், எழுதுகிறவரும் களைப்பார்.

அப்படிப்பட்ட காரியம் எங்களுக்கும் ஒன்று இருந்தது. அதுதான் கடலுக்குப் போகிறவர்களின் பதிவு. அதிகாலை இருட்டில், வள்ளம் தள்ளும் நேரத்தில், படிவத்தை ஒவ்வொன்றாகத் திறந்து நிரப்ப யாருக்கும் அவகாசம் இராது. ஆகவே அட்மினின் உள்ளேயே அதற்கென்று தனிப் பக்கம் ஒன்றை எழுதினேன். துறையின் வள்ளங்கள் எல்லாம் ஒரே பட்டியலாக நிற்கும். புறப்பட்டதற்கு ஒரு குறி, திரும்பியதற்கு ஒரு குறி. வழக்கமான ஆட்களின் பெயர்கள் முன்கூட்டியே நிரம்பியிருக்கும். மாறினவர்களை மட்டும் திருத்தினால் போதும். வெளித் துறைமுகங்களுக்குப் போனவர்களுக்கு, படகின் பெயரையும் வீட்டாரின் தொலைபேசி எண்ணையும் குறிக்க இடம் வைத்தேன். நிர்வாகப் பக்கத்தைத் திறந்தவுடன் முதலாவதாகத் தோன்றுவது, புறப்பட்டு இன்னும் திரும்பாதவர்களின் பட்டியல். அதைத் தாளில் அச்சிட்டுக்கொள்ளவும் முடியும்.

2019 அக்டோபர் இறுதியில், குமரிக் கடலை ஒட்டி உருவான தாழ்வு மண்டலம் 'மகா' என்ற புயலாகி அரபிக்கடலில் நகர்ந்தபோது, எச்சரிக்கை வந்த அன்று மாலை அந்தப் பட்டியல் அச்சிடப்பட்டது. வெளித்துறைகளில் இருந்தவர்களின் வீடுகளுக்கு அண்ணாச்சி ஒருவர் பின் ஒருவராகத் தொலைபேசியில் பேசி, கரை சேர்ந்துவிட்ட செய்தி வந்தவர்களின் பெயருக்கு எதிரே குறி இட்டுக்கொண்டு வந்தார். எல்லாப் பெயருக்கும் எதிரே குறி விழுந்தது. ஆட்களைக் கரை சேர்த்தது வானிலை எச்சரிக்கையும் கடலோடிகளின் சாமர்த்தியமுமே. ஆனால் யார் எங்கே இருக்கிறார் என்று ஒரு துறை முழுவதும் அன்றிரவே அறிந்திருந்ததற்கு ஒழுங்கான கணக்கே காரணம்.

நிரல் எழுதும் இளைஞர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். அட்மினை மாற்றியமைக்கும் வித்தைகள் அனைத்தும் கையேட்டில் இருக்கின்றன. சிரத்தையுள்ள எவரும் சில நாளில் கற்றுக்கொள்ளலாம். எந்தப் பத்தி முன்னே வரவேண்டும், எந்தப் பொத்தான் இருக்கக்கூடாது, எந்தப் பழைய மதிப்பு அழியக்கூடாது என்பவை மட்டும் கையேட்டில் இல்லை. அவை கணக்கு எழுதுகிறவரிடத்தில் இருக்கின்றன. பஞ்சாயத்து ஆபீஸிலும் ஆஸ்பத்திரியிலும் பள்ளிக்கூடத்திலும் கூட்டுறவுச் சங்கத்திலும், பிறருடைய வாழ்வுக்கு ஆதாரமான விவரங்களைத் தினந்தோறும் பதிகிறவர்களுக்கு நாம் தருகிற பக்கம், அவர்களுடைய உழைப்பையும் ஒழுங்கையும் மதிப்பதாக இருக்க வேண்டும். ஆகவே முதல் வரியை எழுதுவதற்கு முன்னால் அவர்களிடம் போங்கள், பக்கத்தில் உட்காருங்கள், அவர்கள் எழுதி முடிக்கும்வரை பொறுமையாகப் பாருங்கள். பிறகு எழுதுங்கள்.